பேய்ப் படத்துக்குத் தோல் உறை

ஆம்பூரில் லேபிள் என்றால் ஷூவின் நாக்கில் தைக்கிற துண்டு. வேறு அர்த்தம் கிடையாது. அதனால் நானும் என் நண்பனும் லேபிள் ஆரம்பித்திருக்கிறோம் என்றபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. “பிரிண்டிங்கா, எம்பாஸிங்கா?” என்று மட்டும் கேட்டார்கள். இசைத்தட்டு வெளியிடுகிற கம்பெனிக்கும் வெளிநாட்டில் லேபிள் என்றுதான் பெயர் என்று விளக்கினால், “அப்போ ஷூவுக்குப் போட மாட்டீங்களா?” என்று வருத்தத்தோடு திரும்பிப் போனார்கள். போர்டு மாட்டிய முதல் வாரமே ஒருவர் கையில் சாம்பிளோடு படியேறி வந்து, இதே அளவில் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டார். இசைத்தட்டு கேட்டு ஒருத்தரும் படியேறவில்லை.

நண்பனின் அப்பாவுக்குப் பாலாற்றோரமாகத் தோல் பதனிடுகிற ஒரு டேனரி இருந்தது. ஊரில் அவரைப் பெரிய பாய் என்பார்கள். என் அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் நாங்கள் ஒரே பள்ளியில் படித்தோம். பிறகு லெதர் டெக்னாலஜி படிக்க அவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், இங்கிலீஷ் படிக்க என்னை வேலூருக்கு அனுப்பினார்கள். அவன் போகும்போது தோலைப் பற்றித் தெரிந்திருந்ததைவிடக் கொஞ்சம் கம்மியாகத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தான். கூடவே பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகளும், ஒயர் ஒயராகத் தொங்குகிற, சின்தஸைசர் என்கிற ஒரு மின் இசைக்கருவியும் வந்தன. பெரிய பாய் அதைத் தோல் சோதிக்கிற கருவி என்று நினைத்தார். டேனரி பார்க்க வந்த ஓர் இத்தாலிக்காரரிடம் “நியூ டெஸ்டிங் மெஷின்” என்று பெருமையோடு காட்டினார். அவர் குனிந்து ஒயர்களைப் பார்த்துவிட்டு “வெரி குட்” என்றார். எங்கள் தொழிலில் நேரில் எல்லாவற்றுக்கும் வெரி குட்தான், குறைகள் பிறகு மெயிலில் வரும்.

அந்த மெயில்களுக்குப் பதில் எழுதுவதுதான் அப்போது என் வேலை. ஒரு ஷூ கம்பெனியில் உட்கார்ந்து, சரக்கு ஏன் தாமதமாகிறது என்பதற்கு இலக்கணப் பிழை இல்லாமல் புதுப்புதுக் காரணங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் திறமையைப் பார்த்துத்தான் நண்பன் என்னைக் கூட்டாளி ஆக்கினான்.

“சினிமா பின்னணி இசை, எலக்ட்ரானிக் மியூசிக், இது ரெண்டுதான் மச்சான். பாட்டு கிடையாது” என்றான்.

“பாட்டே இல்லன்னா யாருடா வாங்குவாங்க?”

“பாட்டு இருந்தாத்தான் வாங்க மாட்டாங்க.”

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அவன் சொன்னதுதான் நடந்தது.

அவன் லேபிள் ஆரம்பித்ததே ஒரு பேய்ப் படத்துக்காகத்தான். நாங்கள் பிறப்பதற்கு முன் வந்து, வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போன தமிழ்ப் படம் அது. அதன் பின்னணி இசை அடங்கிய கேசட் ஒன்று எப்படியோ இங்கிலாந்தில் ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே தாடி வைத்த நாலு பேர் அதைக் கேட்டுவிட்டு, உலக எலக்ட்ரானிக் இசையின் தொலைந்துபோன கண்ணி என்று முடிவு செய்துவிட்டார்கள். நண்பன் ஐந்தாவது தாடி. அந்தப் படத்தின் இசையமைப்பாளர் உயிரோடு இருக்கிறாரா என்று உலகமெல்லாம் விசாரித்தார்கள். அவர் ஜோலார்பேட்டையில் இருந்தார். எங்கள் ஊரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர்.

ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். ரயில்வே குவார்ட்டர்ஸ் தாண்டி ஒரு சின்ன மாடி வீடு. இசையமைப்பாளரின் மனைவி ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வீட்டில் இசை கணவருடையது, வீடு அம்மாவுடையது. கதவைத் திறந்த இசையமைப்பாளர் உள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். தலையும் மீசையும் ஒரே டப்பாவிலிருந்து வந்த கறுப்பு. கல்யாணங்களுக்கு மெல்லிசைக் குழு நடத்திக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி, கல்யாணமா, காதுகுத்தா?”

“ரெண்டும் இல்ல சார். நீங்க மியூசிக் போட்ட படத்தப் பத்திப் பேசணும்” என்றேன்.

முகம் மலர்ந்தது. உட்காரச் சொன்னார், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். நண்பன் படத்தின் பெயரைச் சொன்னான். விசிறியைத் தவிர எல்லாம் நின்றுவிட்டது.

“அந்தப் பேய்ப் படமா? அத்த ஏம்பா தோண்டி எடுக்கிறீங்க? அதுக்கப்புறம் நான் போட்ட பாட்டெல்லாம் கேட்டா அசந்துடுவீங்க. படந்தான் ரிலீஸ் ஆவல.”

“சார், மொத்தப் படத்துக்கும் ஒரே ஒரு சின்தஸைசர்ல பண்ணிருக்கீங்க. அந்தக் காலத்துல யாருமே யோசிக்காத விஷயம்” என்றான் நண்பன்.

“நானும் யோசிக்கல. அன்னிக்கின்னு வயலின்காரங்க எல்லாம் ஒரு பெரிய படத்துக்குப் போய்ட்டாங்க. ப்ரொட்யூசர் சாயங்காலத்துக்குள்ள முடின்றாரு. ஸ்டூடியோ மூலைல இந்தப் பொட்டி கெடந்துச்சி. வச்சி ஒப்பேத்தினேன்.”

நண்பன் விடவில்லை. “கிளைமாக்ஸ்ல சுருதி அப்படியே மெல்ல எறங்குதே சார். பூமி உள்ள போற மாதிரி. அது எப்படி யோசிச்சீங்க?”

“அதுவா? வோல்டேஜ் கம்மி. பொட்டி சத்தம் தானா எறங்கிச்சி. திருப்பி எடுக்க டைம் இல்ல.”

அந்த இறக்கத்தைப் பற்றி நண்பன் இங்கிலாந்தில் ஒரு நீளமான கட்டுரை எழுதியிருந்தான். காலனியத்துக்குப் பிந்தைய துயரம் என்று அதில் இரண்டு பக்கம் வரும். அவன் என்னைப் பார்த்தான், நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்த இசையை உண்மையிலேயே எலக்ட்ரானிக் என்று சொல்லலாம் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. பாதியை மின்சாரமே போட்டிருக்கிறது.

டீ கொண்டுவந்த அம்மா, “அசல் டேப்பு கேக்கறாங்களா? பீரோல என் பட்டுப் பொடவைக்கு எடம் இல்லாம இது படுத்துனு இருக்குது. எடுத்துனு போகட்டும்” என்றார். அதுவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மனைவி கொடுத்துவிடச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். டேப்பைத் தருவதற்கு ஒரு நிபந்தனை என்றார். தான் சமீபத்தில் சொந்தமாக எழுதி, மெட்டமைத்து, பாடிய ஒரு தாலாட்டை இசைத்தட்டில் சேர்க்க வேண்டும். கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கியதும் தபலாவும் குயிலும் சேர்ந்து வந்தன. அவர் கண்களை மூடிக்கொண்டு முழுத் தாலாட்டையும் பாடிக் காட்டினார். நண்பனின் முகம், டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஃபெயில் ஆன தோலைப் பார்க்கிற பெரிய பாயின் முகம் மாதிரி ஆயிற்று.

திரும்பும்போது ரயிலில் அவன் என்னிடம் புலம்பினான். “பாட்டே கிடையாதுன்னு ஆரம்பிச்ச லேபிள்டா. மொதல் ரெகார்டுலயே குயில் கூவுது.”

“ரெண்டாவது பக்கம் கடைசில போட்டுடு. கவர்ல எழுதாத. அதுவரைக்கும் கேக்கறவன் எத்தன பேரு?” என்றேன்.

அப்படித்தான் போட்டோம். பின்னாளில் ஒரு ஜெர்மன் விமர்சகர், பேரச்சத்துக்குப் பிறகு வரும் அந்தத் தாலாட்டு இந்த நூற்றாண்டின் கொடூரமான நையாண்டி என்று எழுதினார். அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது இசையமைப்பாளர், “கொடூரம்னா நல்லதா, கெட்டதா?” என்று கேட்டார். நல்லது என்றேன்.

இசைத்தட்டு தயாரான பிறகு பெரிய பாய் முதல்முறையாக எங்கள் ஆபீசுக்கு வந்தார். கெமிக்கல் கடையின் மாடியில் இருந்த அந்த அறையில் நின்று, தட்டைக் கையில் வாங்கி, தோலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அட்டை உறையை விரலால் சுண்டினார்.

“இன்னாடா இது, அட்ட? அட்டையெல்லாம் ஷூ பொட்டிக்கு. நம்ம வூட்டுப் பொருளு வெளிநாடு போவுதுன்னா தோல்ல போவணும்.”

மறுநாளே நல்ல ஆட்டுத் தோலாகத் தானே பொறுக்கி எடுத்தார். நிறத்துக்கு அவர் காட்டிய அக்கறையை நண்பன் இசைக்குக் காட்டியிருந்தால் குயிலைத் தடுத்திருக்கலாம். கறுப்பிலும் சேராத பழுப்பிலும் சேராத ஒரு நிறம். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. மகன் செய்வது இன்னதென்று புரியாமலே, அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்ட அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. நண்பனுக்கும்தான். ஆனால் அவன் அதை ‘லிமிடெட் எடிஷன்’ என்று சொல்லி மறைத்துக்கொண்டான்.

வெளியீட்டு விழாவை டேனரி குடோனில் வைத்தோம். விழா என்று சொல்லக் கூடாதாம், ‘லிஸனிங் செஷன்’. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கிழிந்ததுபோலவே தைத்த பேன்ட்டுகள், முழங்காலில் நூல் தொங்கியது. எங்கள் ஊரில் தையல் பிசகினால் மொத்த சரக்கையும் திருப்பி அனுப்புவார்கள். இவர்கள் அதை விலை கொடுத்து வாங்கிப் போட்டிருந்தார்கள். இறங்கியதும் ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “எவ்ளோ ரா-வா இருக்குல்ல!” என்றாள். பாராட்டுத்தான். பிறகு எல்லோரும் அடுக்கி வைத்த தோல் கட்டுகள் மேல் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்கள். பிரியாணி எப்போது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டவர்களும் கண்களை மூடிக்கொண்டுதான் கேட்டார்கள்.

இசையமைப்பாளர் கோட் சூட்டில் வந்தார். கூடவே மெல்லிசைக் குழு மொத்தமும் டெம்போவில் வந்து இறங்கியது. நாங்கள் கூப்பிடவில்லை. அவரை முன்வரிசையில் உட்கார வைத்தோம். சென்னையிலிருந்து வந்திருந்த பத்திரிகையாளர் ஒருவர் கேமராவைத் தயாராக அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தன் இசையைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்கப்போகிறார், கண்ணீர் வராமல் போகாது என்று கணக்கு.

ஊசி இறங்கியது. பேய் வருகிற சத்தம் குடோன் தகரத்தை அதிர வைத்தது. நண்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். இசையமைப்பாளர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். கேமரா நெருங்கியது. சுருதி இறங்குகிற இடம் வந்ததும் அவர் எழுந்து கையை ஆட்டினார்.

“நிறுத்துப்பா, நிறுத்துப்பா! சுருதி சேரல. அன்னிக்கே சொன்னேன் அந்த ப்ரொட்யூசர்கிட்ட, கேக்கல. பேஜார் புடிச்ச வேலை. இப்ப பாருங்க.”

சொல்லிவிட்டுத் தன் குழுவுக்குக் கை காட்டினார். அவர்கள் ஏற்கெனவே ஒயரை இழுத்துச் சொருகியிருந்தார்கள். தபலா, குயில், தாலாட்டு. அதோடு நிற்காமல் கல்யாணப் பாட்டுகளும் வரிசையாக வந்தன. சென்னைக்காரர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி, ஏதோ ஆழமான கிண்டல் என்று யாரோ கிசுகிசுத்ததும் நிம்மதியாகத் தலையாட்டத் தொடங்கினார்கள். டேனரி ஆட்கள் வேலையை விட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு எந்தக் கிண்டலும் தெரியாது, நன்றாக இருந்தது, கை தட்டினார்கள். பெரிய பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்து, மகனைப் பார்த்து, “இத்த போடவேண்டியதுதானே ரெகார்டுல?” என்றார். நண்பன் கத்திரிக்காய்த் தொக்கு இருந்த அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பத்திரிகையாளரின் கட்டுரை வந்தது. தன் இசையைக் கேட்ட முதியவர் உணர்ச்சிப்பெருக்கில் மேலே கேட்க முடியாமல் எழுந்துவிட்டார் என்று இருந்தது. கிளைமாக்ஸில் இறங்கும் சுருதி, விஷமாகப்போகும் பாலாற்றின் அழுகையை முன்கூட்டியே கேட்ட ஒரு கலைஞனின் குரல் என்றும் இருந்தது. கோடம்பாக்கத்தில் வோல்டேஜ் குறைந்ததற்கு ஆறு என்ன செய்யும்? கட்டுரையின் கடைசியில், அருமையான விருந்தளித்த டேனரி உரிமையாளருக்கு நன்றி சொல்லியிருந்தார்.

பெரிய பாய் என்னைக் கூப்பிட்டு அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆத்தப் பத்தி எழுதிட்டானே, நமக்கு எதுனா பிரச்சனை வருமா?” என்றார்.

வரவில்லை. ஆறு செய்திப் பக்கத்தில் வந்தால்தான் பொல்யூஷன் போர்டு ஆபீசர்கள் ஜீப்பில் வருவார்கள். கலைப் பக்கத்தில் ஓடுகிற ஆறு யாரையும் தொந்தரவு செய்யாது. அந்தக் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டேனரி ஆபீசில் மாட்டினார்கள். அதன் ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். நாற்றத்துக்காகத் திறப்பதில்லை.

வெளிநாட்டில் தட்டுகள் மளமளவென்று விற்றன. அதற்குப் பின்னாலேயே மெயில்களும் வரத் தொடங்கின. முதல் மெயில் டென்மார்க்கிலிருந்து. இசை தன்னை உலுக்கிவிட்டது என்று ஆரம்பித்தவர், தான் வீகன், பாலும் தொடாதவன், ஒரு பிராணியின் தோலை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். தட்டை வைத்துக்கொண்டு உறையை மட்டும் பார்சலில் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்கு முன் அந்த ஆட்டுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாராம். அந்த ஆட்டின் மற்ற பாகங்கள் எங்கள் ஊரில் எங்கே போயிருக்கும் என்பதை நான் பதிலில் எழுதவில்லை. உங்கள் உணர்வை மதிக்கிறோம் என்று மட்டும் எழுதினேன். தொடர்ந்து அதே மாதிரி மெயில்கள். சின்தஸைசர் இசை கேட்பவர்களில் பாதிப் பேர் வீகன் என்பது ஆம்பூரில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எப்படித் தெரியும்?

நண்பன் பயந்துவிட்டான். அடுத்த பதிப்புக்கு யாருக்கும் தெரியாமல், தோல் மாதிரியே இருக்கிற ரெக்ஸின் வாங்கி உறை தைக்கச் சொன்னான்.

எங்கள் ஊரில் ரெக்ஸின் கெட்ட வார்த்தை. ஒரு கடைக்காரரை ரெக்ஸின் விற்கிறான் என்று சொல்வதும், அவர் மகளுக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுப்பதும் ஒன்று. டெம்போவிலிருந்து அந்த ரோல்கள் இறங்கியபோது பெரிய பாய் வாசலில் நின்றிருந்தார். கிட்டே போய்த் தொட்டார். முகர்ந்தார். வீட்டில் அவர் உருதுதான் பேசுவார். நான் இருந்ததால் தமிழில் ஆரம்பித்தார்.

“எங்க தாத்தா காலத்துலருந்து தோலு. இந்த வாசல்ல ரெக்ஸின் வந்ததில்ல. யாரு ஆர்டர் போட்டது?”

“வீகன் கஸ்டமர்ஸ்பா. அவங்க தோல் தொட மாட்டாங்க.”

“தோலு தொட மாட்டான்னா அவனுக்கு ஏன் விக்கிற?”

“பாட்டு கேக்கறாங்கபா.”

“பாட்டா? அதுல ஏதுடா பாட்டு? கடைசில ஒண்ணுதான் பாட்டு!”

அதற்குமேல் கோபம் உருதுவுக்குப் போய்விட்டது. நான் சமாதானம் செய்வதாக நினைத்து, “தட்டும் பிளாஸ்டிக்தானே பாய், உறையும் பிளாஸ்டிக்கா இருந்தா பொருத்தமாத்தான் இருக்கும்” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு உருது தெரிந்திருக்க வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து அவர் ஆபீஸ் படியேறவில்லை. மகனோடு சாப்பிட உட்காரவும் இல்லை. நண்பன் கொஞ்ச நாள் வீறாப்பாக இருந்தான். அப்புறம் சின்தஸைசரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டான். லேபிள் இப்போது அங்கிருந்து நடக்கிறது. உறை, நெல் உமியில் செய்த காகிதம்.

ஆனால் தோல் உறையை டென்மார்க்காரர் திருப்பி அனுப்பினாலும் ஜப்பான்காரர்கள் மோந்து பார்த்துவிட்டு மயங்கிவிட்டார்கள். இசைத்தட்டுகளை வைத்துத் தூக்கிப் போகத் தோல் பெட்டி செய்து தருவீர்களா என்று கேட்டார்கள். பெரிய பாய் அதற்கென்று ஒரு தனி யூனிட் போட்டார். மெயில் எழுத என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். ரெக்ஸின் விஷயத்தில் நான் சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை, அவ்வப்போது யாரிடமாவது சொல்லிக் காட்டுவார். ஆக, எங்கள் இசைக் கம்பெனியில் உருப்பட்டது பெட்டி மட்டும்தான். மகன் போன் செய்தால் பேசுகிறார். சரக்கு எப்படிப் போகிறது என்று அவன் கேட்பான், குயில் பாட்டு விற்கிறதா என்று இவர் கேட்பார்.

ஜோலார்பேட்டையில் இசையமைப்பாளர் தன் மெல்லிசைக் குழு பேனரில் ‘ஐரோப்பா புகழ்’ என்று அடித்துக்கொண்டார். முகூர்த்த நாளில் அவர் தேதி கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். இணையத்தில் பேட்டியெல்லாம் கொடுக்கிறார். வோல்டேஜைத் தானே குறைக்கச் சொன்னதாக ஒரு பேட்டியில் சொன்னார். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது தெரிந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இசைத்தட்டைத் தோல் உறையோடு சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். வீட்டில் அதை ஓட்டுகிற கருவி இல்லை. அந்த அம்மா அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்று தெரிந்து, நான் கையோடு ஒரு சின்ன பிளேயர் கொண்டுபோயிருந்தேன். ஆணியிலிருந்து எடுத்துப் போட்டோம். அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் முழுக்க அசையாமல் கேட்டார். அவர் முகத்தையே இசையமைப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார், கூலிங் கிளாஸ் இல்லாமல். எந்த ஜெர்மன் விமர்சகரின் சொல்லுக்கும் அவர் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

“இந்தப் படம் வந்தப்ப பெரியவன் என் வயித்துல இருந்தான். பயந்துடுவேன்னு என்ன கூட்டினு போகல இவரு” என்றார் அம்மா. “இப்ப கேட்டா பயமே இல்லியே.”

“படத்தோட பாக்கணும். அப்பதான் பயம் வரும்” என்றார் அவர்.

“பாத்துட்டு வந்தவங்களும் அதத்தான் சொன்னாங்க, பயமே இல்லன்னு.”

அவர் எழுந்து, தாலாட்டு இருக்கிற பக்கத்துக்குத் தட்டை எப்படித் திருப்புவது என்று என்னிடம் கேட்டார்.